கிளாரா லெம்லிக் அந்த ஒரே இரவுக்கு மட்டும் உரியவரா?

கீழ்க்காற்று எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

1909 நவம்பர் 22, நியூயார்க், கூப்பர் யூனியன் அரங்கம். கதை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். மேல்சட்டை தைக்கும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடியிருக்கிறார்கள். சாமுவேல் கோம்பர்ஸ் உள்ளிட்ட தொழிற்சங்கத் தலைவர்கள் வரிசையாகப் பேசுகிறார்கள். இரண்டு மணி நேரம் போகிறது. அவசரப்படக் கூடாது, யோசித்து இறங்க வேண்டும் என்று சுற்றிச் சுற்றி அதே பேச்சு. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, எனக்குப் பேச வேண்டும் என்கிறார். மேடையேறி, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷில் பேசுகிறார். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது, நானும் வேலைநிறுத்தத்தில் நிற்கும் ஒரு தொழிலாளிதான், பொது வேலைநிறுத்தத்துக்குத் தீர்மானம் கொண்டுவருகிறேன் என்று நாலு வரியில் முடித்துவிடுகிறார். அரங்கமே எழுந்துவிடுகிறது. தலைமை வகித்த பெஞ்சமின் ஃபைகன்பாம் எல்லோரையும் வலது கையை உயர்த்தச் சொல்கிறார். நான் துரோகம் செய்தால் உயர்த்திய இந்தக் கை வாடிப் போகட்டும் என்று சத்தியம் வாங்குகிறார். கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். எருசலேமை மறந்தால் என் வலது கை செயலற்றுப் போகட்டும் என்கிற வேதாகமச் சங்கீத வரியைக் குழந்தையிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அந்தச் சத்தியம் எவ்வளவு கனமானது என்று அவர்களுக்குத் தெரியும். மறுநாள் தொடங்கி 20,000 பேருக்கு மேல் மெஷினை விட்டு எழுந்து தெருவுக்கு வந்தார்கள்.

இதெல்லாம் நடந்ததுதான். ஆனால் சொல்லும்போது 'யாரென்றே தெரியாத ஒரு சின்னப் பெண் திடீரென்று எழுந்தாள்' என்று சொல்கிறார்களே, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்தப் பெண்தான் கிளாரா. அவருக்கு அப்போது வயது 23. ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் 25ஆவது கிளையில் செயற்குழு உறுப்பினர். அதற்குள் மூன்று கம்பெனிகளில் வேலைநிறுத்தம் நடத்தியிருந்தார். அந்த வருடம் செப்டம்பரில்தான் முதலாளிகள் ஏவிய அடியாட்கள் அவரை அடித்து ஆறு விலா எலும்புகளை உடைத்திருந்தார்கள். அந்த அரங்கில் இருந்தவர்களில் பலருக்கு அவர் முகம் நன்றாகத் தெரியும். திடீரென்று என்ற ஒரே சொல், அவருடைய மூன்று நான்கு வருட உழைப்பைத் துடைத்துப் போட்டுவிடுகிறது.

அவர் பிறந்தது 1886இல், அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைனில் உள்ள கோரோடோக் என்ற ஊரில். அப்பா வேதம் படித்தவர். அம்மா மளிகைக் கடை நடத்தினார். ஊர்ப் பள்ளிக்கூடம் யூதப் பிள்ளைகளைச் சேர்க்காது. அந்தக் கோபத்தில், ரஷ்ய மொழியே வீட்டுக்குள் வரக் கூடாது என்று அப்பா தடை போட்டிருந்தார். ஆனால் மகளுக்கு அந்த மொழியில் படித்தே ஆக வேண்டும். சட்டைகளுக்குக் காஜா தைத்துக் காசு சேர்த்தார். எழுத்துத் தெரியாத அக்கம்பக்கத்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துக் காசு வாங்கினார். அந்தக் காசில் புத்தகம் வாங்கி, சமையலறையில் இறைச்சிப் பாத்திரத்துக்கு அடியில் ஒளித்து வைத்தார். அப்பா ஒரு நாள் கண்டுபிடித்து எல்லாவற்றையும் எரித்துவிட்டார். மகள் மறுபடி காசு சேர்க்க ஆரம்பித்தார். 1903இல் கிஷினெவ் நகரில் யூதர்கள் கொல்லப்பட்ட பிறகு குடும்பம் அமெரிக்காவுக்குக் கிளம்பியது. வந்து இரண்டு வாரத்துக்குள் தையல் கடையில் வேலைக்குப் போய்விட்டார்.

அந்த இரவுக்கு முன்னும் பின்னும் அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். தெரிந்தவர்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

வடசென்னை72 எழுதியது:

தோழர், நல்ல தொடக்கம். முப்பது வருடம் சங்க வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மேடையில் நாலு வரி பேசி 20,000 பேரை வெளியே கொண்டுவர யாராலும் முடியாது. ஒவ்வொரு கடையிலும் இரண்டு பேராவது ஏற்கெனவே தயாராக இருந்தால்தான் அந்த நாலு வரி பற்றிக்கொள்ளும். அந்த இரண்டு பேரை யார் தயார் செய்தது, எப்படிச் செய்தது? அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். தேநீர்க் கடையிலா, வீட்டிலா, வேலை முடிந்து நடந்து போகும் வழியிலா?

கீழ்க்காற்று எழுதியது:

ஐயா, நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் பதில். நடந்து போகும் வழியில்.

கிளாராவே பிற்காலத்தில் சொன்னது இது. வேலை பார்த்த இடத்தில், தொழிற்சங்கம் என்றால் என்ன என்று வயதில் மூத்த ஒரு தொழிலாளியிடம் கேட்டிருக்கிறார். அவர் அன்றைக்கு வேலை முடிந்ததும் கூடவே நாற்பது தெரு தூரம் நடந்து வந்து விளக்கினாராம். ஒரு பாட்டில் பாலில் இருந்து தொடங்கினார். பால் எப்படி வருகிறது, யார் கறக்கிறார்கள், யார் கொண்டுவருகிறார்கள், ஒவ்வொரு கை மாறும்போதும் காசு யாருக்குப் போகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். லாபம் முதலாளிக்குப் போவது மட்டுமில்லை, அவர் விட்டால்தான் அந்தப் பாலில் ஒரு சொட்டு உனக்குக் கிடைக்கும் என்றாராம். கிளாரா அதை அப்படியே எடுத்துக்கொண்டு, பாலுக்குப் பதிலாகச் சட்டையை வைத்துத் தன் கடைப் பெண்களிடம் பேச ஆரம்பித்தார். எவ்வளவு சரியான பாடம் பாருங்கள். கையில் இருக்கும் துணியைக் காட்டியே சொல்லிவிடலாம்.

இன்னொன்று. 1909இல் அவர் வேலை பார்த்தது லைசர்சன் கம்பெனியில். (பின்னால் 1911இல் பெரும் தீ விபத்து நடந்த டிரையாங்கிள் கம்பெனியில் வேலை பார்த்தார் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு.) அங்கே திறன் மிகுந்த வேலை பார்த்த ஆண்கள் மட்டும் கூடி வேலைநிறுத்தத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அழைப்பே இல்லாமல் அந்தக் கூட்டத்துக்குள் போனார் கிளாரா. பெண்களை விட்டுவிட்டு இறங்கினால் தோற்றுப் போவீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். பெண்களைச் சங்கமாகத் திரட்டவே முடியாது, கல்யாணம் ஆனதும் போய்விடுவார்கள் என்பதுதான் அன்றைய சங்கத் தலைவர்களின் பொதுவான நினைப்பு. 25ஆவது கிளையில் அப்போது நூறு பேர் அளவுக்குத்தான் உறுப்பினர்கள். வேலைநிறுத்தம் முடிந்தபோது அது பத்தாயிரத்தைத் தொட்டிருந்தது.

திருப்பூர்த் தையல் எழுதியது:

இந்தக் களத்தில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இதைப் படித்ததும் எழுதத் தோன்றிவிட்டது. நான் பனியன் கம்பெனியில் பதினாலு வருடமாக டெய்லர். ஓவர்லாக், பேட்லாக் இரண்டு மெஷினும் ஓட்டுவேன். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு கேள்விகள். கிளாரா என்ன வேலை பார்த்தார்? சிங்கர் மெஷின் ஓட்டினாரா, கட்டிங்கா, செக்கிங்கா? இரண்டாவது, சம்பளம் எப்படி? ஷிப்ட் சம்பளமா, பீஸ் ரேட்டா? பிடித்தம் உண்டா? எதற்குக் கேட்கிறேன் என்றால், முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த வாரச் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஊசித் துண்டைத் தேடித் தரையில் தவழ்ந்திருக்கிறேன். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று மணி பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பத்து நிமிடத்துக்கும் பீஸ் கணக்கில் காசு கிடையாது.

படிக்கட்டு வாசகன் எழுதியது:

அக்கா, உங்களைப் போன்றவர்கள் எழுத வேண்டும் என்றுதான் இந்தக் களமே இருக்கிறது.

கிளாரா டிரேப்பர். உருவப் பொம்மை மேல் துணியைப் போர்த்தி, மடிப்பு எங்கே விழ வேண்டும், சுருக்கம் எங்கே வர வேண்டும் என்று ஊசி குத்தி வடிவம் கொண்டுவரும் வேலை. கைத்திறன் வேண்டிய வேலை, மற்றப் பெண்களை விடக் கொஞ்சம் கூடுதல் சம்பளம் உண்டு. நல்ல வேலைக்காரி என்பதால்தான், வம்புக்காரி என்று தெரிந்தும் அவருக்கு அடுத்தடுத்து வேலை கிடைத்தது.

அவர்கள் தைத்தது ஷர்ட்வெய்ஸ்ட் எனப்படும் மேல்சட்டை. ஆண்கள் சட்டை போலக் காலரும் முன்பக்கப் பொத்தானும் வைத்தது. அலுவலகம் போகும் புதுத் தலைமுறைப் பெண்களின் உடை அது. நாடு முழுக்க ஓகோவென்று விற்றது.

பிடித்தம் பற்றிக் கேட்டீர்கள். ஊசி, நூல், மெஷினுக்கான மின்சாரம், உட்காரும் நாற்காலி, துணி மாட்டும் பெட்டி என எல்லாவற்றுக்கும் பிடித்த கடைகள் இருந்தன. பெரிய கம்பெனிகளில் உள்காண்ட்ராக்ட் முறையும் இருந்தது. கம்பெனி ஒரு ஆளுக்குக் காசைக் கொடுத்துவிடும். அவர் தனக்குக் கீழே பெண்களை வைத்துக்கொள்வார். யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கம்பெனி கேட்காது. உங்களுக்கு இது புதிதாக இருக்காது என்று நினைக்கிறேன்.

பாலின் நியூமன் என்று இன்னொரு பெண், இவரும் குடியேறி வந்த யூதர்தான், சிறுமியாக டிரையாங்கிள் கம்பெனியில் நூல் வெட்டியவர். ஆய்வாளர் வரும் நாளில் குழந்தைகளைப் பெட்டிக்குள் உட்கார வைத்து மேலே சட்டைகளைப் போட்டு மூடிவிடுவார்களாம். ஆய்வாளர் போன பிறகு பெட்டியிலிருந்து எழுந்து மறுபடி நூல் வெட்ட வேண்டியதுதான்.

எதிர்க்கரை எழுதியது:

உங்கள் எல்லோர் உணர்வையும் மதிக்கிறேன். ஆனாலும் சில கேள்விகளைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

முதலாவது, 1909 வேலைநிறுத்தம் உண்மையில் வெற்றியா? பிப்ரவரி 1910 வரை, கொட்டும் பனியில், பதினாறு பதினேழு வயதுப் பெண்கள் அடி வாங்கிக்கொண்டு நின்றார்கள். 700க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அதற்கு என்ன கிடைத்தது? டிரையாங்கிள் கம்பெனி கடைசி வரை சங்கத்தை அங்கீகரிக்கவில்லை. அடுத்த வருடமே அங்கே 146 பேர் எரிந்து செத்தார்கள்.

இரண்டாவது, பணக்காரப் பெண்கள். ஜே.பி. மோர்கனின் மகள் ஆன் மோர்கனும் ஆல்வா பெல்மான்ட்டும் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு மறியலுக்கு வந்த பிறகுதான் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன என்கிறார்கள். அப்படியென்றால் வென்றது யாருடைய பலம்?

மூன்றாவது, கூட்டமெல்லாம் யிட்டிஷ் மொழியில். கூட வேலை பார்த்த இத்தாலியப் பெண்கள் வந்தார்களா?

வடசென்னை72 எழுதியது:

எதிர்க்கரை, மூன்றாவது கேள்விக்கு நான் தலை வணங்குகிறேன். இத்தாலியப் பெண்கள் குறைவாகத்தான் வந்தார்கள். அவர்கள் மொழி பேசும் அமைப்பாளர்கள் சங்கத்தில் போதவில்லை. அது சங்கத்தின் குறைதான், அந்தப் பெண்களின் குறை இல்லை. தீயில் செத்தவர்களில் யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களும் ஒரே வரிசையில் கிடந்தார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

ஆனால் வெற்றியா என்ற கேள்விக்கு என் பதில் ஆமாம்தான். சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டவை 300க்கும் மேற்பட்ட கம்பெனிகள். வாரத்துக்கு 52 மணி நேரம். சம்பளத்தோடு நாலு விடுமுறை. ஊசி, நூல், மின்சாரம் எதற்கும் இனிப் பிடித்தம் கிடையாது. திருப்பூர்த் தங்கச்சி சொன்னாரே, தரையில் தவழ்ந்து ஊசி தேடியதை, அது ஒப்பந்தத்தில் எழுதி ஒழிக்கப்பட்டது. இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மறு வருடம் கோட்டுத் தைக்கும் ஆண் தொழிலாளர்கள் அறுபதாயிரம் பேர் அளவில் வெளியே வந்தார்களே, அவர்களுக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? இந்தப் பெண்களைப் பார்த்துத்தான்.

பணக்காரப் பெண்கள் ஜாமீன் கட்டினார்கள், போலீஸ் தடியைக் கொஞ்சம் தாழ்த்தினார்கள். அது உண்மை, நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் பட்டினி கிடந்தது அவர்கள் இல்லை. முழுக் கோரிக்கையும் கிடைக்காமல் வரமாட்டோம் என்று தொழிலாளிப் பெண்கள் நின்றபோது ஆன் மோர்கன் பின்வாங்கிவிட்டார். இவர்கள் தொடர்ந்து நின்றார்கள். அப்போது ஒரு நீதிபதி, உங்கள் வேலைநிறுத்தம் கடவுளுக்கும் இயற்கைக்கும் எதிரானது என்று ஒரு பெண்ணிடம் சொன்னார். நீதிமன்றம் வரைக்கும் அதுதான் நிலைமை.

கீழ்க்காற்று எழுதியது:

அடி வாங்கியதைப் பற்றி ஒன்று. கிளாரா அந்த ஆண்டுகளில் 17 முறை கைதானவர். மழை மாதிரி அடி விழுந்தது என்று வயதான பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டுக்குப் போனால் அடிபட்டதைச் சொல்ல மாட்டாராம். சொன்னால் மறுநாள் போக விட மாட்டார்களே. ஆறு விலா எலும்பு உடைந்த வலியோடு அம்மாவுக்கு முன்னால் ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும். அந்தச் சாப்பாட்டு நேரத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஹட்சன் கரை வாசகி எழுதியது:

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். டிரையாங்கிள் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்.

அந்தக் கட்டிடம் இன்னும் நிற்கிறது. வாஷிங்டன் பிளேஸும் கிரீன் தெருவும் சந்திக்கும் மூலையில், பத்து மாடி. அன்றைக்கு ஆஷ் கட்டிடம், இன்றைக்கு நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பிரவுன் கட்டிடம். 1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடியும் நேரம், மாலை 4.40 அளவில் எட்டாவது மாடியில் தீ பிடித்தது. எட்டாவது மாடிக்காரர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பத்தாவது மாடியில் இருந்த முதலாளிகள் கூரை வழியாகப் பக்கத்துக் கட்டிடத்துக்குப் போய்விட்டார்கள். ஒன்பதாவது மாடிக்குத்தான் தகவலே போகவில்லை. அங்கே வாஷிங்டன் பிளேஸ் பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. பெண்கள் துணி திருடிக்கொண்டு போகிறார்களா என்று ஒரே வாசலில் பையைச் சோதித்து அனுப்புவதற்காக அந்த ஏற்பாடு. வெளியே இருந்த இரும்பு ஏணி பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. இறந்த 146 பேரில் 123 பேர் பெண்கள்.

முதலாளிகள் மேக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவரும் அந்த வருடம் டிசம்பரிலேயே விடுதலையாகிவிட்டார்கள். கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபிக்கப்படவில்லையாம். பிறகு சிவில் வழக்கில் ஓர் உயிருக்கு 75 டாலர் என்று தீர்ந்தது.

2023 அக்டோபரில் அங்கே நினைவுச் சின்னம் திறந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். தலைக்கு மேலே ஓடும் எஃகுப் பட்டையில் பெயர்களைத் துளையாக வெட்டியிருக்கிறார்கள். கீழே இடுப்பு உயரத்தில் கருப்பாக மினுங்கும் ஒரு பலகை. குனிந்து பார்த்தால் மேலே உள்ள பெயர்கள் அதில் தெரிகின்றன, பெயர்களுக்குப் பின்னால் வானமும் கட்டிடத்தின் சன்னல்களும் தெரிகின்றன. எந்தச் சன்னல் என்று எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒன்பதாவது வரிசைக்கு வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. 2004 முதல் ஒவ்வொரு மார்ச் 25 அன்றும் தன்னார்வலர்கள் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். இறந்தவர்கள் குடியிருந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நடைபாதையில் அவர்கள் பெயரையும் வயதையும் எழுதுவார்கள். மழை வந்தால் அழிந்துவிடும். அடுத்த வருடம் மறுபடி எழுதுவார்கள்.

படிக்கட்டு வாசகன் எழுதியது:

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு உடல்களைக் கிடத்தியிருந்த இடத்தில் கிளாராவும் தேடிக்கொண்டு நடந்தார். உறவுக்காரப் பெண் ஒருவரைக் காணவில்லை. வரிசையின் கடைசி வரை பார்த்தும் அந்த முகம் இல்லை என்று தெரிந்ததும் அடக்க முடியாமல் சிரிப்பும் அழுகையுமாக உடைந்து போனார் என்று அங்கிருந்த நிருபர் எழுதியிருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 2 அன்று மெட்ரோபாலிடன் ஆபெரா அரங்கில், வசதி படைத்தவர்களும் வந்திருந்த கூட்டம். போலந்தில் இருந்து வந்த தொப்பி தைக்கும் தொழிலாளி ரோஸ் ஷ்னைடர்மன் பேசினார். உங்களோடு நல்லுறவு பேச வந்தால் எரிந்து போன இந்த உடல்களுக்கு நான் துரோகியாவேன் என்று தொடங்கினார். மெல்லிய குரலில்தான் பேசினாராம், ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது. அந்தக் கோபத்தில் இருந்துதான் நியூயார்க் மாநிலத் தொழிற்சாலை விசாரணை ஆணையம் வந்தது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தண்ணீர் தெளிப்பான் வேண்டும், தீ ஒத்திகை வேண்டும் என்ற சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. தீயைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செயலர் ஆனார்.

எதிர்க்கரை எழுதியது:

வடசென்னை ஐயாவின் பதிலை ஏற்றுக்கொள்கிறேன். ஊசி விஷயத்தை நான் யோசிக்கவில்லை.

ஆனால் கிளாராவின் பிற்காலம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 1926இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர், கடைசி வரை சோவியத் யூனியனை விட்டுக்கொடுக்காதவர். அங்கே யூத எழுத்தாளர்கள் கொல்லப்பட்டது தெரிந்த பிறகும் எப்படி? மறுபக்கம் டேவிட் டுபின்ஸ்கியைப் பாருங்கள். அவரும் யூதக் குடியேறிதான். பேக்கரிக்காரர் மகன், சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டுத் தப்பி வந்தவர், துணி வெட்டும் தொழிலாளி. 1932 முதல் 1966 வரை அதே சங்கத்தின் தலைவர். கம்யூனிஸ்டுகளை எதிர்த்துக்கொண்டே தொழிலாளருக்கு வீடு, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் வாங்கிக் கொடுத்தார். தலைவர் என்றால் அவரைத்தானே சொல்ல வேண்டும்?

கீழ்க்காற்று எழுதியது:

டுபின்ஸ்கி செய்ததை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். சோவியத் விஷயத்தில் கிளாரா தவறினார் என்பதே என் கருத்தும். 1951இல் அங்கே போய் வந்ததற்காக அவருடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்கள். அது அநியாயம். ஆனால் அநியாயம் நடந்தது என்பதால் அவர் நம்பிக்கை சரியாகிவிடாது. அவரை நேசிக்கிறேன் என்பதற்காக இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் தலைவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். உறுப்பினர்களில் பெரும்பான்மை பெண்கள் இருந்த அந்தச் சங்கத்துக்கு, 1900இல் தொடங்கியதிலிருந்து 1995இல் வேறொரு சங்கத்தோடு இணைந்தது வரை, ஒரு பெண்கூடத் தலைவரானதில்லை. நாற்காலியை வைத்துத் தலைமையை அளந்தால் கிளாராவுக்கு அதில் இடமே கிடைக்காது.

வேலைநிறுத்தம் முடிந்ததும் எந்தக் கடையிலும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. அப்புறம் என்ன செய்தார்? பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுத் தொழிலாளிப் பெண்களுக்காக ஒரு கழகம் தொடங்கியவர்களில் ஒருவரானார். முதலாளிக்கு ஓட்டு இருக்கிறது, மேஸ்திரிக்கு ஓட்டு இருக்கிறது, ஆய்வாளருக்கு ஓட்டு இருக்கிறது, வேலை பார்க்கும் பெண்ணுக்கு மட்டும் இல்லை என்று எழுதினார். ஒரு வருடத்துக்குள் அந்த வேலையும் போனது. 1913இல் அச்சுத் தொழிலாளி ஜோசப் ஷாவல்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள், புருக்ளினில் வீடு.

தலைவர்கள் சொன்னது போலவே கல்யாணம் ஆகிப் போய்விட்டார் என்று நினைப்பவர்கள், அங்கே அவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். இறைச்சி விலை ஏறியபோது தெருப் பெண்களைத் திரட்டிக் கடை மறியல். வாடகை ஏறியபோது வாடகை தர மறுப்பு. பெரும் பொருளாதாரச் சரிவின்போது, வாடகை பாக்கி என்று ஒரு குடும்பத்தின் கட்டிலையும் பாத்திரத்தையும் தெருவில் தூக்கிப் போட்டால், பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து அவற்றை மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். 1929இல் தொழிலாளி வர்க்கத்து இல்லத்தரசிகளுக்கென்றே ஓர் அமைப்பு. 1935 இறைச்சிப் புறக்கணிப்பில் நியூயார்க்கில் மட்டும் 4,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடின. 1909இல் கடை கடையாகச் செய்ததை இப்போது மாடி மாடியாகச் செய்தார். கையில் மெஷின் இல்லை, அவ்வளவுதான்.

கணவர் உடல்நிலை கெட்டதும் 1944இல் மறுபடி தையலுக்கே வந்தார். 1954இல் ஓய்வு பெற்றபோது ஓய்வூதியத்துக்காகத் தன் சங்கத்தோடேயே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சங்கத்துக்கு உயிர் கொடுத்தவரில் ஒருவர் அவர். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

ஹட்சன் கரை வாசகி எழுதியது:

கடைசிக் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். 80 வயதுக்கு மேல் லாஸ் ஏஞ்சலஸில் யூத முதியோர் இல்லம் ஒன்றில் சேர்ந்தார். அப்போது கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். திராட்சை வாங்காதீர்கள், லெட்டூஸ் கீரை வாங்காதீர்கள் என்று நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இல்ல நிர்வாகத்திடம் பேசிப் பேசி, அந்த இல்லத்தின் சமையலறைக்குள் திராட்சை வராமல் செய்துவிட்டார் கிளாரா. தன்னைத் தூக்கி உட்கார வைத்த, படுக்கை மாற்றிய பணியாளர்கள் சங்கம் வைக்கவும் உதவி செய்தார். 1982 ஜூலையில், 96 வயதில் இறந்தார்.

திருப்பூர்த் தையல் எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். பக்கத்து மெஷின் பெண்களிடம் பால் பாட்டில் கதையைச் சொன்னேன். ஒருத்தி, பாலை விடு, இந்தப் பனியன் அங்கே என்ன விலைக்கு விற்கிறது, அதைச் சொல் என்றாள். லேபிளைப் பார்த்துக் கணக்குப் போட்டோம். அதோடு சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

கீழ்க்காற்று அண்ணா, கிளாரா அவர் கைப்பட ஏதாவது எழுதியிருக்கிறாரா? வேலை பற்றி? இருந்தால் எளிதாகத் தமிழில் போடுங்கள். எங்கள் லைனில் வாசிக்க வேண்டும்.

கீழ்க்காற்று எழுதியது:

இருக்கிறது. வேலைநிறுத்தம் தொடங்கிய அதே வாரம், 1909 நவம்பரில் ஒரு மாலைப் பத்திரிகையில் எழுதியது. அதன் சாரத்தை என் சொற்களில் தருகிறேன்.

சம்பள வேலை என்றால் வாரம் ஆறு டாலர் அளவுக்குக் கிடைக்கும். காலை ஏழு மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் இரவு எட்டு மணி வரை. நடுவில் சாப்பிட அரை மணி நேரம். வெளிச்சம் சன்னலுக்குப் பக்கத்தில் உள்ள முதல் வரிசைக்கு மட்டும். பின்னால் உள்ள எல்லா வரிசைக்கும் பகலிலும் கேஸ் விளக்குதான். முதலாளிக்கு நாங்கள் ஓட்டும் மெஷினின் ஒரு பாகம் போலத்தான் நாங்களும். துணி மாற்ற அறை கிடையாது. தொப்பியையும் கோட்டையும் சுவரில் உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். எப்போதாவது ஒருத்தி புதுத் தொப்பி போட்டு வருவாள். ஐம்பது சென்ட்டுக்கு மேல் இருக்காது. அதை வாங்க வாரக்கணக்கில் மதியம் இரண்டு சென்ட்டுக்குக் காய்ந்த கேக் மட்டும் தின்றிருப்பாள். துணியில் சேதம் இருந்தால், நாங்கள் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் எங்களிடம் பிடிப்பார்கள், சில சமயம் ஒரு கஜம் துணிக்கே. இரண்டு டாலர் தனியாகப் பிடிப்பார்கள். அது எதற்கு என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

திருப்பூர்த் தையல் எழுதியது:

போதும் அண்ணா, இது போதும். எழுதி வைத்துக்கொண்டேன். நாளை மதியம் வாசிக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும். அந்த இரண்டு டாலர் வாரா வாரமா? கேட்பார்கள்.

கீழ்க்காற்று எழுதியது:

வாரா வாரம் இல்லை. வேலை குறையும் சீசன் தொடங்கும்போதெல்லாம் ஒரு தடவை.

திருப்பூர்த் தையல் எழுதியது:

சரி. தொப்பி வரும் இடத்தைத்தான் முதலில் வாசிப்பேன்.